சண்முகம் அண்ணாச்சியின் விக்கல்

நான் வேலை பார்த்த பவானிபூர் லேபில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மறதி நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு யார் வந்தாலும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவை வெளியே விடுவதில்லை. போன வாரம் அங்கிருந்து சுதேஷ்ணா போன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள், நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த வழக்கம் ஏன் என்று கேட்கிறார்களாம். விஞ்ஞானக் காரணத்தை அவள் சொல்லிவிட்டாள், மீதிக் கதையை நான்தான் சொல்ல வேண்டுமாம். வங்காளியில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே முதுகு சில்லிட்டது. தமிழில் ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. நடந்தது தமிழில்தானே.

என் அப்பா கரக்பூரில் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தார். ரத்தத்தைக் கண்டால் நான் மயங்கி விழுவேன் என்று வீட்டில் எல்லோருக்கும் நிச்சயம். அந்த நிச்சயத்தைப் பொய்யாக்கவே லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தேன் என்று சொல்லலாம். முதல் நாள் மயங்கி விழவும் செய்தேன். அதைக் கடைசிவரை வீட்டில் சொல்லவில்லை. கல்கத்தாவில் படிப்பு, ஊசி குத்தப் பழகியது, இரண்டு சின்ன லேப்கள், பிறகு பவானிபூர். அங்கே டாக்டர் லாஹிரியிடம் மாட்டினேன்.

லாஹிரி மேடம் உயிர்வேதியியல் பிரிவின் தலைவி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும், நாங்கள் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். திட்டு வாங்குவதற்காகக் குனிந்து காது கொடுக்கும் கொடுமையை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள். அவரிடம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் உண்டு. மோசமான முடிவு எதைக் கொண்டு போனாலும் அந்த ஸ்கேலைத் தாளின் மேல் வைத்து, நாம் பதறிப்போய் நிற்கும் எண்ணை மறைத்துவிடுவார். பிறகு, "பாஷேர்டா?" என்பார். பக்கத்தில் இருப்பது என்ன என்று அர்த்தம். பக்கத்து எண்ணைச் சொன்னால் ஸ்கேலைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடியும் "பாஷேர்டா?" ஒரே ரத்தத்தில் ஒரு எண் மட்டும் தனியாகப் பேசாது, மற்றவையும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வந்த ரத்தத்தில் பொட்டாசியம், இதயம் நின்றுபோகிற அளவுக்கு ஏறியிருந்தது. ஓடினேன். மேடம் ஸ்கேலை வைத்தார். பாஷேர்டா? கால்சியம் பார்த்தேன், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. "இந்தக் கணக்குப்படி இவர் இறந்துவிட்டார். என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று வார்டில் கேள்," என்றார். கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து முடி, அதாவது பொரி, தின்றுகொண்டிருக்கிறாராம். நடந்தது இதுதான்: ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொட்டாசிய உப்புப் பூசியிருப்பார்கள். அது கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். வார்டில் யாரோ அந்தக் குழாயில் எடுத்த ரத்தத்தை வேறு குழாய்க்கு மாற்றி ஊற்றியிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. "தாளை மட்டும் நம்பியிருந்தால் உயிரோடிருக்கிற ஒருவருக்கு இறந்தவருக்கான வைத்தியம் ஆரம்பித்திருப்போம்," என்றார். அந்த வாக்கியத்தை நான் மறந்தே போயிருந்தேன், சண்முகம் அண்ணாச்சியின் வீட்டுப் படியேறும் வரை.

இனி அண்ணாச்சி. கரக்பூரில் என் அப்பாவுக்குக் கீழே சிக்னல் பிரிவில் சேர்ந்தவர், திருநெல்வேலிப் பக்கம். நான் பாவாடை தாவணி கட்டிய காலத்திலிருந்து பழக்கம். ஓய்வு பெற்றபின் அவரும் மனைவி பாக்கியம் அக்காவும் காளிகாட்டில் ஒரு சந்துக்குள் முதல் மாடியில் குடியிருந்தார்கள். ஒரே மகன் கார்த்திக் பெங்களூரில். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அண்ணாச்சிக்கு நெடுநாளாக உண்டு. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். டாக்டரிடம் போகச் சொன்னால், "கால்தானே, அதுபாட்டுக்கு வரும்," என்பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு எங்கள் லேபில் அந்தப் புதிய பரிசோதனை வந்தது. மூளை நரம்புகளுக்குள் டாவ் என்று ஒரு புரதம் இருக்கிறது. அல்சைமர் நோயில் அதன் ஒரு வகைத் துண்டு ரத்தத்தில் கூடுதலாகக் கசியும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரை மட்டும் உறிஞ்சிச் சின்னக் குப்பியில் போட்டு உறைய வைக்க வேண்டும். மிஷின் தனி அறையில் இருந்தது. முடிவும் தனித்தாளில் வரும். ஒரு தாள், ஒரு எண், அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே கிடையாது. லாஹிரி மேடத்துக்கு அந்தத் தாளைக் கண்டாலே பிடிக்காது. "இது ரிப்போர்ட் இல்லை, ஜாதகம்," என்று முணுமுணுப்பார். டாக்டர் கேட்டால்தான் செய்ய வேண்டும் என்று மேலிடத்தில் வாதாடிப் பார்த்தார். ஆனால் ஆப்பில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று வைத்துவிட்டார்கள்.

துர்கா பூஜை முடிந்து தெருக்களில் பந்தல் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். மத்தியானம் பாக்கியம் அக்கா லேபுக்கு வந்து நின்றாள். வழக்கமாக என்னைப் பார்த்தால் முதலில் என் உடம்பு இளைத்துவிட்டதாக ஒரு குற்றப்பத்திரிகை வாசிப்பாள். அன்று போனை நீட்டினாள்.

"செல்விம்மா, இந்த நம்பரு கொறையுமா? மருந்து குடுத்தாக் கொறையுமா?"

எங்கள் லேபின் தாள்தான். அண்ணாச்சியின் பெயர். கீழே இயல்பின் எல்லையாக ஒரு கோடு, கோட்டுக்கு வெகு மேலே ஒரு புள்ளி.

"யாருக்கா எழுதிக் குடுத்தது? எந்த டாக்டர்?"

"டாக்டருல்லாம் இல்ல. கார்த்திக்தான் போன்லயே போட்டான். வீட்டுக்கு ஆளு வந்து ரத்தம் எடுத்துட்டுப் போச்சு. நரம்பு டாக்டரு அப்பாயின்மென்ட் அடுத்த மாசம்தான் கெடைச்சுது. அதுக்குள்ள ரிப்போர்ட்டு குடும்ப குரூப்ல வந்துட்டு. எல்லாரும் கும்புட்ட கை படமா அனுப்புதாக, செத்த வீடு மாதிரி."

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அப்புறம் அவள் சொன்னது இது.

பூஜைக்கு முன்னால் ஒரு மத்தியானம் அண்ணாச்சிக்கு விக்கல் வந்திருக்கிறது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. நம் வீடுகளில் விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வோமே, யார் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்ப்போமே, அந்த விளையாட்டைப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆடியிருக்கிறார்கள். கார்த்திக். நிற்கவில்லை. மருமகள், தங்கச்சி, ஊரில் சித்தப்பா மகன். நிற்கவில்லை. சலித்துப் போய் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "நிமாயா இருக்குமோ?" என்றிருக்கிறார். சட்டென்று நின்றுவிட்டது.

நிமாய் அவருடன் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த வங்காளி. உயிர்த் தோழன். அண்ணாச்சி ஊருக்கு லீவில் போயிருந்த ஒரு பனிக்காலக் காலையில் சிக்னல் கேபின் படியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டான். அது நடந்து எத்தனையோ வருஷம்.

"மறுநாளும் விக்கலு. அன்னைக்கும் அதே பேருக்குத்தான் நின்னுச்சு," என்றாள் அக்கா. "அப்புறம் பேரு சொன்னாலும் நிக்கல. அதுக்குப் பதிலா அவனே வர ஆரம்பிச்சுட்டான்."

"யாரு வர ஆரம்பிச்சா?"

"நிமாய். சன்னல் பக்கத்துல வந்து நிக்கானாம். விக்கலு எடுத்தா நான் அந்தப் பக்கமே பாக்க மாட்டேன் செல்விம்மா. எனக்குத் தெரியாது, ஆனா எவனோ நிக்க மாதிரியேதான் இருக்கும்."

லேபில் பட்டப்பகல், நாலு மிஷின் ஓடுகிற சத்தம், ஏசி குளிர். எனக்கு அந்தக் குளிர் போதாதென்று இன்னொரு குளிர் வந்தது.

வேலை முடிந்து அவளோடேயே காளிகாட் போனேன். படியேறி உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் எங்கே வந்தேன் என்று புரியவில்லை. வீடு முழுக்கச் சீட்டு ஒட்டியிருந்தது. கதவில் 'பாத்ரூம்'. அலமாரியில் 'சட்டை'. இன்னொரு கதவில் 'திறக்கக் கூடாது'. இணையத்தில் பார்த்து கார்த்திக் ஒட்டச் சொன்னானாம். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்திலும் கயிற்றில் ஒரு அட்டை, பேரும் விலாசமும் போன் நம்பரும் எழுதி. வேலைக் காலம் பூராவும் ரத்தக் குழாய்களுக்கு நான் ஒட்டியது அதே மாதிரிச் சீட்டுத்தான். மனுஷனுக்கு ஒட்டிப் பார்த்தது அன்றுதான்.

"வா தாயி," என்றார். "அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா?"

என் அப்பா காலமாகி நெடுநாள் ஆகிறது. அதற்குள் அலமாரியின் மேலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா, அப்பா காலைச் சொறியறாரு பாரு, புண்ணாயிடும். கையை எடுத்து விடு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே சின்னதாக ஒரு கேமரா இருந்தது. பெங்களூரில் இருந்தபடி கார்த்திக் பார்த்துக்கொண்டிருக்கிறான். நல்ல பிள்ளை அவன், அப்பா மேல் உயிர். ஆபீஸ் வேலைக்கு நடுவே கவலையோடு பார்த்துக்கொண்டிருப்பவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் ஆளில்லாத குரல் ஒரு மனிதரைப் பற்றி, அவர் எதிரிலேயே, அவர் அங்கே இல்லாததுபோலப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது விக்கல் வந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு நிற்காமல். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே சந்து இருட்டத் தொடங்கியிருந்தது, எதிர்மாடியில் யாரோ சாயங்கால விளக்கேற்றிச் சங்கு ஊதினார்கள். அவர் முகத்தில் பயமே இல்லை, வீட்டுக்கு வந்தவரை வரவேற்கும் முகம்தான் இருந்தது. "எஷோ, போஷோ," என்றார். வா, உட்கார். பிறகு என்னிடம், "நிமாய்க்கு ஒரு சேர் போடு செல்வி," என்றார். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போட்டேன். அந்தக் காலி நாற்காலியை யாரும் நேராகப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது அவர் பக்கத்தில் குனிந்து விடைபெற்றேன். மூச்சில் மூத்திர வாடை போல ஒன்று அடித்தது. கால்கள் வீங்கியிருந்தன. மறதி நோய்க்கு இந்த வாடை கிடையாதே என்று படியிறங்கும்போது நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கத் துணிச்சல் வரவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதையும் பார்க்காமலேயே வீடு வந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக லாஹிரி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிமாயையும் விடவில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் தாளை எடுத்து மேஜையில் வைத்து, ஸ்கேலை அந்த ஒற்றை எண்ணின் மேல் வைத்தார். தாளில் மீதி வெறும் வெள்ளை.

"பாஷேர்டா?" என்றார்.

"பக்கத்துல ஒண்ணும் இல்ல மேடம்."

"அதுதானே விஷயம்." குரல் தாழ்ந்தது. நான் குனிந்தேன். "இந்தத் துண்டுப் புரதம் ரத்தத்துக்கு வந்த பிறகு எங்கே போகிறது? சிறுநீரகம் அதைக் கழித்து வெளியேற்ற வேண்டாமா? அது வேலை செய்யவில்லையென்றால்?"

கல்கத்தாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வடிகால் அடைத்துக்கொண்ட தெருவில் சின்னத் தூறலுக்கும் முழங்கால் தண்ணீர் நிற்கும். தண்ணீரை மட்டும் பார்த்துப் பெருமழை என்று சொன்னால் தப்பு. மழையே பெய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. முதலில் வடிகாலைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களிடம் இந்த எண் மூளையில் நோய் இல்லாமலே ஏறும் என்று மேடம் படித்திருந்தார். சிறுநீரகம் மிகவும் கெட்டால் ரத்தத்தில் தங்கும் கழிவே புத்தியைத் தடுமாற வைக்கும். அரிப்பும் வாடையும் விக்கலும்கூட அதனால் வரலாம்.

அண்ணாச்சியின் ரத்தத்தில் மீதி எங்கள் குளிர்பெட்டியில் இருந்தது. ஊதாக் குழாய் என்பதால் பொட்டாசியம் பார்க்க முடியாது, ஆனால் கிரியாட்டினினும் யூரியாவும் எங்கள் முறையில் பார்த்துவிடலாம். நான் எழுந்தேன்.

"எங்கே?" என்றார்.

"ஓட்டிப் பார்த்துடறேன் மேடம்."

"யாரைக் கேட்டு?"

"வீட்டுல கேட்டுடறேன். இல்லேன்னா மகனுக்குப் போன் போடறேன்."

"ரத்தம் யாருடையது?"

நினைவு தப்பியதாக எங்கள் லேபே தாள் கொடுத்த மனிதரிடம் சம்மதம் கேட்பதா என்பது என் குழப்பம். மேடம் ஸ்கேலைத் தாளின் மேலிருந்து எடுக்கவே இல்லை. "அவரிடம் கேள். அவருக்குப் புரியாவிட்டால் மற்றவர்களிடம் கேட்கலாம். முதலில் அவர்," என்றார்.

போன் போட்டேன். அக்கா எடுத்தாள். "அண்ணாச்சிகிட்ட குடுங்கக்கா."

"அவுககிட்டயா? அவுககிட்ட என்னத்துக்கு? எங்கிட்ட சொல்லுங்க."

"அவர்கிட்டதான் கேக்கணும்."

போன் கை மாறியது. பிறகு மூச்சு கேட்டது, நடுவே ஒரு விக்கல்.

"அண்ணாச்சி, செல்வி பேசறேன். உங்க ரத்தம் கொஞ்சம் எங்ககிட்ட மிச்சம் இருக்கு. அதுல கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு இருக்கோம். பாக்கட்டுமா?"

"யாருட்ட கேக்க?"

"உங்ககிட்டதான்."

"என்கிட்டயா?" மறுபடி விக்கல். "நிமாய் கேக்கச் சொன்னானா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "இல்ல அண்ணாச்சி. நான்தான் கேக்கறேன்."

"அப்படியா," என்றார். பிறகு மிகத் தெளிவாக, கரக்பூரில் ஆட்களை வேலை வாங்கிய அதே குரலில், "பாரு தாயி. என் ரத்தம்தான். நல்லாப் பாரு," என்றார்.

பார்த்தேன். மிஷின் கொடுத்த கிரியாட்டினினை நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். அதேதான். யூரியாவைப் பார்த்தேன், அது அதைவிட மோசம். இந்தமுறை பக்கத்து எண்ணும் அதற்குப் பக்கத்து எண்ணும் ஒரே சாட்சிதான் சொல்லின. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்த முழங்கால் மாத்திரைகளும் சேர்ந்து, சிறுநீரகம் கிட்டத்தட்ட நின்றுவிட்டிருந்தது. மேடம் தானே கார்த்திக்குக்கு ஸ்பீக்கரில் போன் செய்தார். கேமரா வழியாகக் கேட்ட குரல் இப்போது சின்னப் பிள்ளையுடையதாக இருந்தது. "நான் வேணும்னு பண்ணல ஆன்ட்டி," என்று அழுதான். "நீ கவலைப்பட்டதால்தான் அவர் ரத்தம் எங்களிடம் வந்தது," என்றார் மேடம், ஆங்கிலத்தில், கொஞ்சம் உரத்த குரலில். அவர் அன்பு காட்டும்போது மட்டும் குரல் உயரும் என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரக டாக்டர் இளைஞர். அண்ணாச்சியின் விக்கலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றவர், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். "காம்ராங்கா சாப்பிடுவாரா?"

ஊரில் தமரத்தங்காய் என்போமே, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் நட்சத்திரமாக விழும் புளிப்புக் காய். இங்கே தெருவில் கருப்பு உப்பும் மிளகாயும் கடுகு விழுதும் போட்டுப் பிசைந்து தருவார்கள். நாக்கில் எச்சில் ஊறும்.

"தெனமும் சாப்புடுவாகளே," என்றாள் அக்கா. "கரியாகாட் மார்க்கெட்டு போயி வாங்கிட்டு வருவாக. இப்ப எதிர்வீட்டுக்காரவுக வாங்கிக் குடுக்காக. நிமாயும் அவுகளும் வேலைக் காலத்துல சேந்து திம்பாகளாம். விக்கலு அவன் பேருக்கு நின்னதுலருந்து, அவனுக்கும் ஒரு பங்கு எடுத்து சன்னல்ல வச்சுட்டு, அப்புறம் ரெண்டையும் அவுகளே சாப்புடுவாக."

டாக்டர் பேனாவை மூடினார். சிறுநீரகம் நல்லபடியாக இருப்பவர்களுக்கு அந்தக் காய் அளவோடு தின்றால் ஒன்றும் செய்யாது. கெட்டுப்போனவர்களுக்கு அதில் உள்ள ஒரு நஞ்சு வெளியேறாமல் மூளைக்குப் போய்விடும். முதல் அடையாளம் நிற்காத விக்கல். பிறகு தடுமாற்றம், இல்லாதது தெரிவது, கடைசியில் வலிப்பு, மரணம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோழன் நினைக்கிறான் என்று நினைத்து, தோழனுக்குப் பிடித்ததைத் தின்று, தின்றதால் விக்கல் கூடி, விக்கல் கூடியதால் தோழன் வந்து, வந்தவனுக்கும் சேர்த்துத் தின்று. ஒரு மனிதனை இறந்தவன் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழி என்ன இருக்கிறது? நான் லேபில் காலம் தள்ளியவள், பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படித்தான் நினைத்தேன், வெட்கமில்லாமல்.

டயாலிசிஸ் தொடங்கினார்கள். ரத்தத்தை இயந்திரம் கழுவக் கழுவ விக்கல் குறைந்தது. நிமாய் ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. நரம்பு டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே வந்து பார்த்தார். எண்ணைப் பற்றிக் கேட்டோம். இந்தச் சிறுநீரகத்தோடு அந்த எண்ணை வைத்து உண்டு என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன் என்றார். "எண்ணை விடுங்கள், ஆளோடு பேசிப் பார்க்கலாம்," என்று அண்ணாச்சியோடு நெடுநேரம் பேசினார். கல்கத்தா முதல் திருநெல்வேலி வரை ஸ்டேஷன் பெயர்களை அண்ணாச்சி வரிசையாகச் சொல்ல ஆரம்பிக்க, விஜயவாடாவில் டாக்டரே போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒருநாள் அக்கா காண்டீனுக்குப் போயிருந்தபோது அண்ணாச்சி என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

"செல்வி, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு எல்லாரும் நெனச்சிய. எனக்கு அம்புட்டும் கேட்டுச்சு. என்னையக் கோயம்புத்தூருல ஒரு ஹோம்ல விடுததப் பத்தி, எனக்கு முன்னாலயே பேசுனாக. வீட்டக் காலி பண்ணுதது, என் சட்டைய யாருக்குக் குடுக்கது, எல்லாம். 'அப்பா இப்ப அப்பா இல்லம்மா'ன்னு கேமராவுல அவன் சொன்னான். நான் இங்கனதானல இருக்கேன்னு சொல்ல வாயத் தொறந்தா விக்கலுதான் வந்துச்சு."

அவர் கண்ணைத் துடைத்தேன். என் கண்ணையும்தான்.

"வீட்டுக்குள்ள ஆளில்லாத கொரலு ரெண்டு இருந்துச்சு தாயி. ஒண்ணு என்னையப் பத்திப் பேசும். இன்னொண்ணு எங்கூடப் பேசும். நான் எதுகூடப் போவேன், நீயே சொல்லு. அந்த மாசம் பூரா என்கிட்ட நேராப் பேசுனது நிமாய் ஒருத்தன்தான். ரெண்டாவது ஆளு நீ, அன்னைக்குப் போன்ல."

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, சந்தேஷ் இனிப்பு கொடுத்து, ஏதேதோ பாராட்டினார்கள். அண்ணாச்சி சொன்ன அந்த ஒன்றுதான் நான் வீட்டுக்குக் கொண்டு வந்தது. அதற்கும் உரியவர் லாஹிரி மேடம்தான். அவரிடம் சொன்னபோது, தலையை ஆட்டிவிட்டு ஃபைலைப் பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த வருஷம் காளி பூஜைக்கு முதல் நாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வங்காளிகளுக்கு அது பூத சதுர்த்தசி. செத்துப்போன முன்னோர்கள் வீட்டுப் பக்கம் வருவார்கள் என்று சாயங்காலம் வாசலிலும் மூலை முடுக்கிலும் விளக்கு வைப்பார்கள். சந்து முழுக்க மண் விளக்குகள் எரிந்தன. வீட்டில் சீட்டுகளை எல்லாம் கிழித்துவிட்டிருந்தார்கள், பசை மட்டும் கதவுகளில் மங்கலாகத் தெரிந்தது. கேமரா இருந்த இடத்தில் ஒரு பூச்சாடி. கார்த்திக் லீவில் வந்திருந்தான், அப்பாவை டயாலிசிஸுக்கு அவனே அழைத்துப் போய் வந்த நாள் அது. "அப்பா, உனக்குத் தலையணை வேணுமா?" என்று அவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி ஒரு விளக்கை எடுத்து ஜன்னலில் வைக்கச் சொன்னார். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா வைத்துவிட்டு வந்து மிளகாய் போட்ட பொரி கொடுத்தாள். அவர் ஒரு வாய் போட்டார். விக்கல் வந்தது.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். கார்த்திக் எழுந்து நின்றுவிட்டான். மிளகாய்க் காரத்துக்கு வந்த சாதாரண விக்கலாக இருக்கும். தண்ணீர் கொடுத்தோம். நிற்கவில்லை. ஒருவரும் எந்தப் பேரையும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்த விளையாட்டை இனி யாரும் ஆடப்போவதில்லை. இன்னொரு விக்கல், இன்னொன்று. ஜன்னலில் சுடர் ஒருக்களித்து நிமிர்ந்தது. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மனசு யார் பேச்சைக் கேட்கிறது? உள்ளே அந்தப் பேரை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டது.

விக்கல் நின்றது.

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"செல்வி, இப்ப நீ மனசுக்குள்ள யாரு பேரச் சொன்ன?"

ஜன்னல் பக்கம் போகப் பார்த்த என் கண்ணை இழுத்துப் பிடித்து அவர் முகத்திலேயே வைத்தேன். அந்த லேபில் தெரிந்தே ஒரு தப்பான முடிவை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. இதுதான் முதல் தடவை.

"உங்க பேரத்தான் அண்ணாச்சி," என்றேன்.

அவர் சிரித்தார்.

"அப்பச் சரி. என்னைய நேராக் கூப்பிட்டா நான் வந்துருவேன்லா," என்றார்.